தில்லி தாமதமாகக் கேட்ட குரல்

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. கார்கில் மலைமுகடுகளில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவியதை இந்தியா ஏன் முன்கூட்டியே அறியவில்லை என்ற கேள்விக்கு விடை தேடிய அறிக்கை அது. பாதுகாப்பு கருதிச் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. ஆயினும், உளவு அமைப்புகள், ராணுவம், பாதுகாப்பு அமைச்சகம் ஆகியவற்றின் குறைகளை வெளிப்படையாகப் பேசும் அரசு ஆவணம் ஒன்று மக்கள் பார்வைக்கு வந்தது அரிய நிகழ்வே. 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றளவும் வெளியிடவில்லை என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

அந்த அறிக்கையை அளித்த நால்வர் குழுவின் தலைவர் ராணுவச் சீருடை அணிந்தவர் அல்லர். திருச்சியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, ஐ.ஏ.எஸ். அதிகாரியாகித் தில்லிக்கு வந்த கே. சுப்பிரமணியம். பாதுகாப்பு என்பது படைத் தளபதிகளும் பிரதமரும் மட்டும் மூடிய அறையில் பேசும் விஷயமல்ல. அது படித்து, விவாதித்து, எழுதி வளர்க்க வேண்டிய ஓர் அறிவுத் துறை என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டவர். அவர் சொன்னவற்றுள் பலவற்றைத் தில்லி ஏற்றது. ஆனால், பெரும்பாலும் ஒரு நெருக்கடி வந்த பிறகே ஏற்றது.

கோப்பிலிருந்து ஆய்வுக்கு

1929 ஜனவரி 19-ஆம் தேதி பிறந்த சுப்பிரமணியம், 1951-ல் தமிழகப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியில் சேர்ந்தார். சீனப் போரின் அதிர்ச்சிக்குப் பிந்தைய ஆண்டுகளில் பாதுகாப்பு அமைச்சகத்தில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. படைகளின் தேவை என்ன, அதற்கான நிதி எங்கிருந்து வரும், அண்டை நாடுகளின் நோக்கம் என்ன என்பனவற்றை ஒருசேர வைத்துப் பார்க்கும் ஏற்பாடு அரசிடம் இல்லை என்பதை அவர் அங்கே நேரில் கண்டார்.

1966-67-ல் ராக்ஃபெல்லர் ஆய்வு உதவியுடன் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் போர்த்தந்திரவியல் பயின்றார். நாடு திரும்பியதும், 1965-ல் தொடங்கப்பட்டிருந்த பாதுகாப்புக் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பு 1968-ல் அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 39. சுருக்கமாக ஐ.டி.எஸ்.ஏ. என்றழைக்கப்படும் அந்நிறுவனத்தை 1975 வரையிலும், பின்னர் 1980 முதல் 1987 வரையிலும் இருமுறை அவர் வழிநடத்தினார். பாதுகாப்புத் துறையின் நிதியுதவி பெறும் நிறுவனத்தில் இருந்துகொண்டே, அரசுக்கு உவப்பில்லாத கருத்துகளையும் நாளேடுகளில் எழுதியது அன்றைய தில்லிக்குப் புதிது.

1971 மார்ச் இறுதியில் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ அடக்குமுறை தொடங்கிய சில நாள்களிலேயே, தில்லியில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் அவர் பேசினார். பாகிஸ்தான் பிளவுபடுவது இந்தியாவின் நலனுக்கு உகந்தது, இத்தகைய வாய்ப்பு மீண்டும் வாய்க்காது என்பதே அவரது பேச்சின் சாரம். இந்தியாவின் சதிக்குச் சான்று என்று பாகிஸ்தான் அந்தப் பேச்சை உலக அரங்கில் பலமுறை எடுத்துக்காட்டியது. உண்மையில் இந்திரா காந்தி அரசு உடனடியாகப் படையெடுக்கவில்லை. அகதிகள் பெருகி, ராணுவம் ஆயத்தமாகி, டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தான் விமானப்படை தாக்கிய பிறகே முழு அளவிலான போர் மூண்டது. ஆய்வாளர் ஒருவர் கூறுவதையெல்லாம் அரசு அப்படியே செய்வதில்லை என்பதற்கும், அவர் சொல்லுக்கு எல்லை கடந்தும் எடை இருந்தது என்பதற்கும் இந்நிகழ்வு ஒருசேரச் சான்று.

அணு ஆயுத வாதம்

சுப்பிரமணியத்தின் பெயர் அதிகம் அடிபட்டது அணு ஆயுத விவகாரத்தில்தான். 1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு சோதனை நடத்தியது. 1968-ல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம், 1967 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு சோதனை நடத்திய நாடுகளுக்கு மட்டுமே அணு ஆயுத நாடு என்ற தகுதியை அளித்தது. ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம், மற்றவை தொடக்கூடாது என்ற இந்தப் பாகுபாட்டை இந்தியா ஏற்கக்கூடாது என்று அவர் தொடக்கம் முதலே வாதிட்டார். உலகு முழுவதும் ஆயுதக் களைவு, அது நிகழும் வரை இந்தியாவுக்கும் ஆயுதம் என்பது அவரது நிலை.

இதனால் 'போர்ப் பருந்து' என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. ஏழை நாட்டுக்கு அணுகுண்டு எதற்கு என்று காந்தியவாதிகளும் இடதுசாரி அறிவியலாளர்களும் எழுப்பிய கேள்வி வலுவானது. அக்கேள்வி இன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால், அணு ஆயுதம் போரில் பயன்படுத்துவதற்கானது அல்ல, பிறர் பயன்படுத்தாமல் தடுப்பதற்கானது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் சோதனைகள் நடந்த பிறகு அமைக்கப்பட்ட தேசிய பாதுகாப்பு ஆலோசனை வாரியத்தின் முதல் அமைப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். அவ்வாரியம் தயாரித்த அணுக் கொள்கை வரைவு 1999 ஆகஸ்ட் 17-ஆம் தேதி வெளியிடப்பட்டது. முதலில் பயன்படுத்துவதில்லை, நம்பத்தகுந்த குறைந்தபட்ச அளவே வைத்துக்கொள்வது, முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த தலைமையிடமே இருப்பது ஆகியவை அதன் தூண்கள். 2003 ஜனவரியில் அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு அறிவித்த அதிகாரபூர்வக் கொள்கையின் அடித்தளமும் இதுவே. பருந்து என்று பெயர் பெற்றவரின் தலைமையில் கட்டுப்பாட்டை முன்னிறுத்தும் கொள்கை உருவானது, அவரை மேலோட்டமாகப் படித்தவர்களுக்கு வியப்பளித்தது.

2005 ஜூலையில் அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாட்டுக்கு வழி திறந்தபோது அவர் அதை ஆதரித்தார். இடதுசாரிகளும் பாரதிய ஜனதாவும் எதிர்த்த உடன்பாடு அது. பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலேயே உலக அணு வணிகத்தில் நுழைய முடியுமானால், பழைய பாகுபாடு தளர்கிறது என்றே பொருள் என அவர் கருதினார்.

பதவிகளும் பின்னடைவும்

1975-ல் முதல்முறை ஐ.டி.எஸ்.ஏ. பொறுப்பு முடிந்ததும் தமிழகம் திரும்பிய அவர், மாநில உள்துறைச் செயலராகப் பணியாற்றினார். 1977-ல் மீண்டும் தில்லி. உளவுத் தகவல்களைத் தொகுத்து மதிப்பிடும் கூட்டுப் புலனாய்வுக் குழுவின் தலைவர் பதவி. 1979-ல் பாதுகாப்பு உற்பத்தித் துறைச் செயலர் பதவி. 1980-ல் இந்திரா காந்தி மீண்டும் ஆட்சிக்கு வந்ததும் தன் தந்தை அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்றும், ராஜீவ் காந்தி காலத்தில் அவரைவிட இளையவர் ஒருவர் அமைச்சரவைச் செயலராக்கப்பட்டார் என்றும் அவரது மகனும் 2019-ல் வெளியுறவு அமைச்சரானவருமான எஸ். ஜெய்சங்கர் 2023-ல் பேட்டி ஒன்றில் கூறினார்.

1984 ஆகஸ்டில் தீவிரவாதிகள் லாகூர், கராச்சி வழியாகத் துபைக்குக் கடத்திச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் சுப்பிரமணியமும் ஒரு பயணி. விமானக் கடத்தலைக் கையாண்ட அதிகாரிகள் குழுவில் அப்போது இளம் அதிகாரியாக இருந்த ஜெய்சங்கரும் இடம்பெற்றிருந்தார். தேசிய பாதுகாப்பு என்பது அந்தக் குடும்பத்துக்கு ஏட்டுச் சொல்லாக மட்டும் இருக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் நாளேடுகளில் தொடர்ந்து எழுதினார். 1999-ல் பத்ம பூஷண் விருது அறிவிக்கப்பட்டபோது, அரசு அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் அரசின் விருதுகளை ஏற்கலாகாது என்று கூறி மறுத்துவிட்டார்.

கார்கில் காட்டிய கண்ணாடி

1999 ஜூலை 26-ஆம் தேதி கார்கில் போர் முடிந்தது. 500-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர்த் தியாகம் செய்திருந்தனர். மூன்றே நாள்களில், ஜூலை 29-ல் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. சுப்பிரமணியத்துடன் லெப்டினன்ட் ஜெனரல் கே.கே. ஹசாரி, பத்திரிகையாளர் பி.ஜி. வர்கீஸ், அரசு அதிகாரி சதீஷ் சந்திரா ஆகியோர் இடம்பெற்றனர். சாட்சிகளை வரவழைக்கும் சட்ட அதிகாரம் குழுவுக்கு இல்லை. எனினும் கோப்புகளைப் பார்வையிட்டும், முன்னாள் பிரதமர்கள் முதல் களத்தில் நின்ற தளபதிகள் வரை பலரைச் சந்தித்தும் சில மாதங்களிலேயே பணியை முடித்தது.

மவுண்ட்பேட்டன் காலத்தில் இஸ்மே பிரபு வகுத்துத் தந்த பாதுகாப்பு நிர்வாக அமைப்பு, 52 ஆண்டுகள் கழிந்தும் பெரிதாக மாறவில்லை என்று குழு சுட்டிக்காட்டியது. படைத் தலைமையகங்கள் அரசின் உச்ச முடிவெடுக்கும் அமைப்புக்கு வெளியே நிற்கின்றன. உளவு அமைப்புகள் ஒன்றுக்கொன்று தகவலை முழுமையாகப் பகிர்ந்துகொள்வதில்லை. கூட்டுப் புலனாய்வுக் குழுவின் மதிப்பீட்டுக்கு உரிய மரியாதை இல்லை. இந்தக் கடைசிக் குறையை, இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே நாற்காலியில் அமர்ந்திருந்த தலைவர் நன்கு அறிந்தவர்.

முழுநேரத் தேசிய பாதுகாப்பு ஆலோசகர், துல்லியமான செயற்கைக்கோள் படங்கள், ஆளில்லா உளவு விமானங்கள் என்று பரிந்துரைகள் நீண்டன. யாருடைய தவறு என்று பெயர் சுட்டவில்லை என்பது குழுவின் மீதான முக்கிய விமர்சனம். அரசின் ஆலோசனை வாரியத்துக்குத் தலைமை வகித்தவரே விசாரிக்கலாமா என்ற கேள்வியும் நியாயமானது. தனிமனிதர்களைத் தண்டிப்பதைவிட அமைப்பைத் திருத்துவதையே குழு தன் பணியாகக் கொண்டது.

இருபது ஆண்டுத் தாமதம்

அத்வானி தலைமையிலான அமைச்சர்கள் குழு இப்பரிந்துரைகளை ஆராய்ந்து 2001 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக அந்தமான் நிகோபார் கூட்டுப் படைத் தலைமையகம், பாதுகாப்புப் புலனாய்வு முகமை, தேசியத் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பு ஆகியவை அடுத்தடுத்து உருவாயின. பிரதமரின் முதன்மைச் செயலரே பாதுகாப்பு ஆலோசகராகவும் இருந்த நிலை 2004-ல் மாறியது. ஆனால், அமைச்சர்கள் குழுவின் மையப் பரிந்துரையான முப்படைத் தலைமைத் தளபதி பதவி மட்டும் ஆட்சிகள் மாறியும் கிடப்பில் கிடந்தது. ஜெனரல் பிபின் ராவத் அப்பொறுப்பை ஏற்றது 2020 ஜனவரி முதல் தேதி. அதைக் காண சுப்பிரமணியம் இல்லை. 2011 பிப்ரவரி 2-ஆம் தேதி தில்லியில் தமது 82-வது வயதில் அவர் மறைந்திருந்தார்.

தாமதம் ஒருபுறமிருக்க, பரிந்துரையைப் பாதியாக எடுத்துக்கொள்ளும் போக்கும் உண்டு. வீரர்களின் பணிக்காலத்தை 17 ஆண்டுகளிலிருந்து 7 முதல் 10 ஆண்டுகளாகக் குறைத்து, பின்னர் அவர்களைத் துணை ராணுவப் படைகளில் சேர்க்கலாம் என்றது கார்கில் குழு. 2022-ல் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது இப்பரிந்துரை முன்னுதாரணமாகப் பேசப்பட்டது. ஆனால், அத்திட்டம் வகுத்த பணிக்காலம் 4 ஆண்டுகள். நிரந்தரப் பணியில் தொடர வாய்ப்புள்ளோர் அதிகபட்சம் 25 சதவீதத்தினர். குழு சொன்னதும் நடந்ததும் ஒன்றல்ல.

மக்களுக்கு உண்மை நிலையை விளக்க, இந்திய அணு ஆயுதத் திட்டம் குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும் என்றும் அக்குழு கேட்டிருந்தது. இன்று வரை அது வெளிவரவில்லை. புதிய பதவிகளையும் தலைமையகங்களையும் உருவாக்குவது அரசுக்கு எளிது. குடிமக்களை நம்பிப் பேசுவதுதான் கடினம் போலும். சுப்பிரமணியம் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது இந்த இரண்டாவதைத்தான். அந்தப் பாடத்தைக் கற்க இன்னொரு கார்கில் தேவைப்படக் கூடாது.