ஆண்டுக்கு இரண்டு நாள் ஊர்

ஆகஸ்ட் மாத முதல் வார இறுதியில், கனடாவின் வான்கூவர் நகரில் ஓப்பன்ஹைமர் பூங்காப் பக்கம் போனால் முதலில் மூக்குக்கு வேலை. கரி அடுப்பில் சால்மன் மீன் வாட்டுகிறார்கள். பக்கத்திலேயே தாக்கோயாக்கி: நம்மூர்ப் பணியாரக் கல் மாதிரிக் குழிச்சட்டியில், உள்ளே எண்காலிக் கணவாய்த் துண்டு வைத்துச் சுடும் உருண்டை. கொஞ்சம் தள்ளி சுமோ மல்யுத்தம். தெருவில் 'வாஷ்ஷோய், வாஷ்ஷோய்' என்ற முழக்கத்துடன் ஓமிகோஷி வருகிறது. சாமி புறப்பாடுதான், தேர்போல் உருளாது, பல்லக்குபோல் தோளில் ஏறி வரும்.

இது பவெல் தெரு விழா. ஜப்பானியக் கனடியர்களின் விழா. ஆனால், வருகிறவர்களில் அநேகம் பேருக்கு இந்தத் தெருவில் வீடு கிடையாது. தாத்தா பாட்டிக்கு இருந்தது.

கனடாவுக்கு வந்த முதல் ஜப்பானியக் குடியேறி என்று சொல்லப்படும் மான்சோ நாகானோ கரையிறங்கியது 1877-இல். பின்னால் வந்தவர்களில் பலர் ஃபிரேசர் ஆற்று முகத்துவாரத்தில் சால்மன் பிடித்தார்கள். விழா அடுப்பில் சால்மன் இருப்பது சும்மா இல்லை. பவெல் தெருவில் கடைகள், பொதுக் குளியலகங்கள், தங்கும் விடுதிகள் எழுந்தன. அவர்கள் வாயில் அது 'பாவெரு-காய்' ஆனது. 1907 செப்டம்பரில் ஆசியர்களை விரட்டக் கிளம்பிய கும்பல் சீனர் தெருவை நொறுக்கிவிட்டு இங்கே வந்தபோது, கல்லும் பாட்டிலும் எறிந்து எதிர்த்து நின்றார்கள் பவெல் தெருக்காரர்கள். (மூன்று நாள் முன்புதான் எல்லைக்கு அப்பால் பெல்லிங்ஹாமில் பஞ்சாபித் தொழிலாளர்களை இன்னொரு கும்பல் அடித்துத் துரத்தியிருந்தது.)

இன்றைய பூங்காதான் அன்று அவர்களின் மைதானம். 1914-இல் உருவான அசாஹி பேஸ்பால் அணி இங்கே ஆடியது. உடற்கட்டில் வெள்ளையர் அணிகளுக்கு ஈடில்லை; ஆகவே மெல்லத் தட்டிவிட்டு ஓடும் தந்திரத்தை வைத்தே ஜெயித்தார்கள். கடைசி ஆட்டப் பருவம் 1941.

அந்த டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942-இல், மேற்குக் கரையிலிருந்த சுமார் 22,000 பேரைக் கனடா அரசு வெளியேற்றியது. பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். பலரை முதலில் ஹேஸ்டிங்ஸ் பூங்காவில், கால்நடைக் கண்காட்சிக் கொட்டில்களில் அடைத்தார்கள். பிறகு மலைப்பக்க முகாம்கள். வீடு, கடை, படகு எல்லாவற்றையும் அரசே விற்றது. விற்ற பணத்தில், முகாமில் அடைபட்டிருந்த செலவையும் பிடித்துக்கொண்டது. சிறைவாசிக்கே சிறை வாடகை! 1945-இல் போர் முடிந்தும், கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது 1949 ஏப்ரலில்தான். திரும்பி எங்கே போவது? அலெக்சாண்டர் தெருவிலுள்ள ஜப்பானிய மொழிப் பள்ளிக் கட்டடம் ஒன்றே பிற்பாடு சமூகத்தின் கைக்கு வந்தது.

முகாம் கண்ட தலைமுறை அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. பேரப்பிள்ளைகளும், போருக்குப் பின் ஜப்பானிலிருந்து புதிதாக வந்தவர்களும் சேர்ந்துதான், நாகானோ வந்த நூறாம் ஆண்டான 1977-இல் இந்த விழாவைத் தொடங்கினார்கள். மூத்தவர்கள் பூங்காவில் செர்ரி மரங்கள் நட்டார்கள். 1979-இல் பிறந்தது காத்தாரி தைக்கோ, கனடாவின் முதல் தைக்கோ முரசுக் குழு. வாய் திறக்காத ஒரு சமூகம் முரசைத் தேர்ந்தெடுத்தது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. 1988 செப்டம்பரில் பிரதமர் பிரையன் மல்ரோனி அந்த வெளியேற்றத்துக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டாலர் இழப்பீடு.

இதற்குள் அக்கம்பக்கம் நகரத்தின் மிக ஏழ்மையான பகுதியாகிவிட்டது. 2014 கோடையில் வீடற்றவர்கள் பூங்காவில் கூடாரம் அடித்தார்கள். விழா நாள் நெருங்கியது. காலி செய்யச் சொல்லுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள்? பூங்காவைக் கூடாரக்காரர்களுக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தெருக்களுக்கு விழாவை நகர்த்திக்கொண்டார்கள். பழைய பாவெரு-காய் இருந்ததும் அந்தத் தெருக்களில்தான்.