ஊட்டப் பண்டங்களை எடைபோடுதல்: மலையகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகத்தில் வாழ்வோர் நிறுவையின் இயல்பை நன்கறிவர். நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களிற் பறிக்கப்பட்ட கொழுந்து மடுவத்துக்கு வந்ததும் தராசில் ஏறுகின்றது. இலையில் தங்கிய மழையீரத்துக்கென ஓரளவு கழிக்கப்பட்ட பின்னரே கணக்கேட்டில் எண் பதியப்படுகின்றது. அக்கழிவின் அளவு நியாயமானதோ என வழக்காடுவோர் உளர். ஆயின், நீரை இலையாகக் கணக்கிடலாகாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. உடல் வலிமைக்கும், மெலிவுக்கும், குழந்தையின் வளர்ச்சிக்கும் என்று விற்கப்படும் ஊட்டப் பண்டங்களை மதிப்பிடுதற்கும் இத்தகைய தராசொன்று வேண்டும். அது யாது, அதனை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பண்டங்களையும் முறைகளையும் இருவகைப்படுத்தலாம். நாளாந்த உணவுக்கு மேலாகக் குளிசையாகவும் மாவாகவும் பாகாகவும் உட்கொள்ளப்படுவன துணையூட்டங்கள். உணவின் ஒரு பகுதியை முற்றாக விலக்கியோ, ஒன்றையே மிகுத்துண்டோ விரைந்த பயன் பெறலாமென வாக்களிப்பன மோக உணவு முறைகள். கடைவீதியிலும் தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் இவ்விரண்டின் புகழும் ஓயாது ஒலிக்கின்றது. வசதி மிக்கோர்க்கு இவை சிறு செலவாக முடியலாம். தோட்டப்புறத்திலோ நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரத்தை எய்தாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டத் துறையிலோ நூற்றுக்கு 32 பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக விதிக்கப்படுதற்கு 2021ஆம் ஆண்டு வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். இத்தகைய இல்லத்தில் பயனற்ற டப்பா ஒன்றுக்குச் செலவிடும் பணம், குழந்தையின் கலத்திலிருந்து முட்டையையும் பருப்பையும் அகற்றும் பணமேயாம்.

துணையூட்டங்கள் யாவும் பொய்யெனக் கொள்ளுதலும் தவறு. 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர் பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்திற் கொடிய குருதிச்சோகைக்கு ஆளாயினர். அவர்தம் உணவை ஆராய்ந்தும், நீலகிரியின் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திற் பணியாற்றியும், குறைபாடுள்ள உணவே இந்நோய்க்குக் காரணமென அவர் உய்த்துணர்ந்தார். மதுவத்தின் சாறாகிய மார்மைட்டை ஊட்ட, நோயாளர் தேறினர்; இம்முடிவு 1931இல் வெளியாயிற்று. அச்சாற்றிற் பயன் விளைத்த சத்து 1941இற் கீரையிலையினின்றும் பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாக ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இன்று நம் நாட்டுத் தாய்மார் கிளினிக்குகளில் அதுவும் இரும்புச்சத்துக் குளிசையும் விலையின்றி வழங்கப்படுகின்றன. குறைபாடு இன்னதென்பது அறியப்பட்டு, தேவையுடையார் இன்னாரென்பது தெளியப்பட்டு, தக்க அளவிற் கொடுக்கப்படும்போது துணையூட்டம் உயிர்காக்கும் என்பதற்கு இஃதொரு சான்று. ஆகவே, விற்பவனை நோக்கி நாம் எழுப்பவேண்டிய முதல் வினா, "இது நல்லதா?" என்பதன்று, "எக்குறைக்கு, எவர்க்கு, எவ்வளவு?" என்பதேயாம்.

இரண்டாவது வினா ஒப்பீடு பற்றியது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற மாலுமிகள் 12 பேரை ஆறு இணைகளாகப் பிரித்தார். பொதுவுணவை ஒன்றாகவே வைத்து, இணைக்கொரு மருந்தாக வெவ்வேறு பொருளை அளித்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். ஏனைய ஐந்து இணைகளும் இல்லாதிருப்பின் அவ்விருவர் தேறியமைக்குக் காரணம் இன்னதென்று துணிய இயலாது. இதற்கு மாறான நிகழ்ச்சியொன்றை நம் காலத்திற் கண்டோம். 2020 திசெம்பரில், மலையகத்தின் மேற்குச் சரிவிலுள்ள கேகாலை மாவட்டத்து ஹெட்டிமுல்லையில், தேனும் சாதிக்காயும் கலந்த பாகொன்று கொரோனாத் தொற்றைத் தடுக்குமென்னும் செய்தி பரவ, பல்லாயிரவர் திரண்டனர். அக்காலச் சுகாதார அமைச்சரும் அதனைப் பலரறிய அருந்தினார்; 2021 சனவரியில் அவருக்கும் தொற்று உறுதியாயிற்று. ஒருவர் நோயுற்றமை மட்டும் கொண்டு பாகு பயனற்றது என முடிவுகட்டலாகாது. வேறொருவர் நோயுறாமையை மட்டும் கொண்டு அது பயனுடைத்து எனவும் கூறலாகாது. அருந்தினாரையும் அருந்தாதாரையும் ஒப்பவைத்து நோக்காமையே அங்கிருந்த பெருங்குறை. "நான் உண்டேன், நலம் பெற்றேன்" என்னும் விளம்பரக் கூற்றுகள் யாவும் இக்குறையுடையன.

மூன்றாவது, ஈரத்தைக் கழித்தல். மாப்பொருளை விலக்கி உடல் மெலியும் முறை புதியதன்று. 1863இல் இலண்டனில் வில்லியம் பான்டிங் என்பார் இதனைச் சிறுநூலொன்றாற் பரப்பினார். 1972இல் அமெரிக்க மருத்துவர் அற்கின்ஸ் இதற்குப் புத்துயிர் அளித்தார். இத்தகைய முறைகளில் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ வரை குறைவது வியப்பன்று. நம் ஈரலும் தசைகளும் ஏறக்குறைய அரைக் கிலோ கிளைக்கோசனைச் சேமித்து வைக்கின்றன. அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் தங்கியுள்ளது. மாப்பொருள் குறைய அச்சேமிப்புக் கரைகின்றது; அதனுடன் நீரும் வெளியேறுகின்றது. பழைய உணவுக்கு மீண்டதும் இவ்விரண்டும் மீளும். மடுவத்துத் தராசு கழிக்கும் அதே நீரையே மெலிவு விளம்பரம் இலாபமாகக் காட்டுகின்றது.

நான்காவது, வடிவமும் அளவும். இதற்கு நம் மலைகளின் விளைபொருளாகிய தேயிலையே தக்க உதாரணம். பசுந்தேயிலையை நீரிலிட்டு அருந்துவது பொதுவாகத் தீங்கற்றது. அதே இலையின் கட்டெச்சின் என்னும் பொருளைச் செறிவாக்கி மெலிவுக் குளிசையாக விற்பதோ வேறு. அவ்வகையுள் முதன்மையானதை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ குளிசையாக உட்கொள்ளின், ஈரற் பாதிப்பைக் காட்டும் அறிகுறிகள் குருதியில் உயர்கின்றன என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் அறிவித்தது. இயற்கையிற் கிடைத்த பொருள் என்பது எவ்வளவிலும் தீங்கற்றது என்பதற்கு உறுதியாகாது.

வெறுந்தேநீரும் ஒரு கவனத்தை வேண்டுகின்றது. 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இறைச்சியுணவு ஒன்றுடன் தேநீர் அருந்தியபோது இரும்புச்சத்து உறிஞ்சப்படுதல் நூற்றுக்கு 64 பங்கு குறைந்தது. கோப்பியால் 39 பங்கு குறைந்தது. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் இரும்புடன் பிணைந்து, அது குடலினின்று குருதியிற் சேராவண்ணம் தடுத்தலே காரணம். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பே இத்தடைக்குப் பெரிதும் உட்படுவது. கோதுமை ரொட்டியும் தேநீரும் காலையுணவாக அமையும் தோட்டத்தில் இஃது அற்பமான செய்தியன்று. விலைமிக்க இரும்புப் பாகை வாங்குதற்கு முன், தேநீரை உணவோடு அருந்தாது ஓரிரு மணி நேரம் கழித்தருந்துதலும், கீரைக்கறியில் எலுமிச்சஞ்சாறு பிழிதலும் நன்று. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேநீருடன் விழுங்குதல் பெறுபேற்றைப் பாழாக்கும்.

ஐந்தாவது, விலை. ஒரு மாவின் விலையை அதிலுள்ள புரதத்தின் கிராம்களால் வகுத்துப் பார்த்தல் ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் இயலும் கணக்கு. 100 கிராம் மைசூர்ப் பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு. நெத்தலிக் கருவாட்டின் எடையிற் பாதிக்கு மேற்பட்டது புரதமே. இவற்றுக்கும் அவ்வாறே கணக்கிட்டு ஒப்புநோக்குக. உறையிற் சேர்பொருள்கள் எடையில் மிக்கது முதலாக நிரற்படுத்தப்படுவது வழக்கம். அந்நிரலின் முதலிரண்டு இடங்களிற் சீனி நிற்பின், நாம் வாங்குவது பெரும்பாலும் சீனியே. மேலும், 1973இல் தொடங்கிய திரிபோஷ, சோளமும் சோயாவும் கலந்து உயிர்ச்சத்துகள் சேர்த்த மாவாக, தேவையுள்ள தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அதன் வழங்கல் தடைப்பட்டபோது அதன் அருமை புலனாயிற்று. கிடைக்கும் பொதியை வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்ணின் உரியவர்க்கு உரிய அளவு சேராது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

சட்டத்தின் துணையும் உண்டு. உணவின் தூய்மையையும் விளம்பரத்தையும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், மருந்துகளையும் மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பண்டங்களையும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றன. நோய் தீர்க்குமெனக் கூறும் உணவுப் பொதியைக் கண்டால், அதனைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டி வினவலாம். எனினும், சட்டம் கடைக்கு வருமுன் பண்டம் வீட்டுக்கு வந்துவிடுதல் உண்டு. ஆதலின் வாங்குவோர் அறிவே முதற்காவல்.

அவ்வறிவை இல்லங்களுக்குக் கொண்டு செல்லத் தக்கோர் கல்லூரி மாணவரே. குறை யாது, ஒப்பீடு உண்டா, நீர் கழிக்கப்பட்டதா, அளவு எவ்வளவு, விலை தகுமா என்னும் ஐந்து வினாக்களையும் ஒரு தாளில் எழுதி, விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் அடுக்களைத் தட்டிலுள்ள டப்பாவை எடுத்துத் தம் தாயாருடன் அமர்ந்து வினவுவாராக. நாள்தோறும் தம் கொழுந்தின் நிறுவையைக் கவனித்து நிற்கும் அன்னையர்க்கு அவ்வினாக்கள் புரியாதனவல்ல.