பலகைக்குப் பின்னால் ஒரு நதி

கொச்சியின் புதிய சமையலறைகளில் ஃபிரிட்ஜ் மரப் பலகைக்குள் ஒளிந்துகொள்கிறது. அதன் கதவிலேயே ஐஸும் தண்ணீரும் வேண்டும் என்று கேட்கும்போதுதான் தகராறு தொடங்குகிறது.

ஃபிரிட்ஜ் என்பது காட்டுவதற்கான பொருளாக இருந்த காலம் ஒன்று உண்டு. நடுத்தரக் குடும்பங்கள் அதைச் சமையலறையில் வைக்கவில்லை. வரவேற்பறையில், மேலே ஒரு பின்னல் துணி விரித்து, அதன்மேல் பூ ஜாடி வைத்து, வருகிறவர் கண்ணில் படும்படி நிறுத்தினார்கள். இன்று கொச்சி அடுக்குமாடிகளில் வசதி படைத்தவர்களின் சமையலறைக்குள் நுழைந்தால் ஃபிரிட்ஜ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அலமாரிக் கதவுகளின் வரிசையில் ஒன்றைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது, அதுதான் ஃபிரிட்ஜ். அந்தஸ்து காட்டுவதிலிருந்து மறைப்பதற்கு மாறிவிட்டது.

மறைப்பவர்களுக்கும் இன்னொரு ஆசை இருக்கிறது. துபாயிலோ நியூஜெர்சியிலோ மகள் வீட்டில் பார்த்தது: கதவில் இருக்கும் சின்ன மாடத்தில் டம்ளரை வைத்து அழுத்தினால் குளிர்ந்த தண்ணீர், இன்னொரு பொத்தானுக்கு ஐஸ் கட்டி. கதவைத் திறக்கவே வேண்டாம். இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றுக்கொன்று எதிரி. பலகை என்பது ஃபிரிட்ஜை மறைக்க. மாடம் என்பது அதைக் காட்டிக்கொடுக்க.

பொதுவாக ஐரோப்பிய உள்ளமைப்பு ஃபிரிட்ஜுகள் 56 சென்டிமீட்டர் அகலமுள்ள அலமாரிக் குழிக்குள் நுழையும்படி செய்யப்படுகின்றன. மரக்கதவு ஃபிரிட்ஜின் கதவோடு நேரே பிணைக்கப்படும், அல்லது ஒரு தண்டவாளத்தில் சறுக்கிக்கொண்டு கூடவே திறக்கும். 60 சென்டிமீட்டர் அகலம், 180 சென்டிமீட்டர் உயரம், 18 மில்லிமீட்டர் கனமுள்ள ப்ளைவுட் பலகையின் எடை சுமார் 12, 13 கிலோ வரும். அதைக் கீல்கள் தாங்க வேண்டும். இதில் மாடத்துக்காக ஒரு ஓட்டை போடுவது ஜன்னல் வெட்டுவது போன்ற எளிய வேலை அல்ல. சறுக்கும் கதவில் பலகையும் ஃபிரிட்ஜும் ஒன்றுக்கொன்று நகர்வதால் ஓட்டையும் மாடமும் நேர்கோட்டில் நிற்காது. அதனால் முழுக்கப் பலகை போர்த்திய ஃபிரிட்ஜுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளி மாடமே கிடையாது. தண்ணீர்க் குழாய் கதவுக்கு உள்ளே பக்கச் சுவரில் இருக்கும். ஐஸ், உறைபெட்டியில் ஒரு தட்டில் விழும். அமெரிக்காவில் சில கம்பெனிகள் மாடத்தோடு வரும் உள்ளமைப்பு ஃபிரிட்ஜுக்கும் பலகை வைக்க வழி செய்தன. பலகையை மாடத்துக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று இரண்டாக வெட்டிச் சட்டத்தில் செருகுவார்கள். பார்ப்பதற்கு அவ்வளவு அழகில்லை.

மாடத்துக்குப் பின்னால் நடக்கும் வேலை அதிகம். தண்ணீர்க் குழாய் கதவின் கீல் வழியாக நுழைந்து போக வேண்டும். கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடினாலும் அது நசுங்கக் கூடாது. ஐஸ் விழும் பாதையை ஒரு மடிப்பு மூடி அடைக்க வேண்டும். மாடத்துக்காகக் கதவின் இன்சுலேஷனைக் குடைந்தெடுப்பதால் அந்த இடத்தில் குளிர் வெளியே கசிகிறது. குளிர்ந்த பரப்பில் வியர்வை பூக்காமலிருக்க அங்கே ஒரு சிறு ஹீட்டர் வைக்கிறார்கள். குளிரூட்டும் பெட்டியின் கதவில் சூடேற்றும் கம்பி!

கொச்சியில் இந்த வியர்வை சாதாரண விஷயமில்லை. வெப்பம் 30 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். மாடத்தின் விளிம்பில் ஊறும் அந்த ஈரம், வெட்டிய பலகையின் ஓரத்தில் இறங்கும். துகள் பலகையாக இருந்தால் சில மாதங்களில் உப்பிவிடும். மேலே ஒட்டிய மைக்கா உரிந்து வரும். நாட்டின் பெரிய ப்ளைவுட் மையங்களில் ஒன்றான பெரும்பாவூர் கொச்சியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டைக் கேட்டு வாங்குவது நல்லது. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பசை விடாததற்குத்தான் அந்த முத்திரை. அப்படியும் வெட்டிய ஓரத்தை அடைக்காமல் விட்டால் பயனில்லை.

இனி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. தச்சரும் ஃபிரிட்ஜ் கம்பெனி ஆளும் வந்து போன பிறகுதான் பல வீடுகளில் இது எழுகிறது.

ஃபிரிட்ஜுக்குள் தண்ணீரை விடுவது ஒரு மின்காந்த வால்வு. பல மாடல்களில் இது ஒழுங்காக வேலை செய்யச் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 20 பவுண்டு, அதாவது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் தேவை. நம் வீடுகளில் தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 14 பி.எஸ்.ஐ.தான் கிடைக்கும். 20 வேண்டுமென்றால் தொட்டி 14 மீட்டர் மேலே இருக்க வேண்டும். இரண்டு மாடி வீட்டின் தரைத்தளச் சமையலறைக்கு ஏழு மீட்டர் கிடைத்தால் அதிகம். அழுத்தம் குறைந்தால் ஐஸ் கட்டி சிறுத்து வருவதோடு போகாது. இந்த வால்வு இறுக மூடுவதற்கும் தண்ணீரின் அழுத்தமே உதவுகிறது. அது போதாவிட்டால் சொட்டுச் சொட்டாகக் கசிந்து ஐஸ் தட்டில் நிரம்பி, எல்லாம் ஒரே பாளமாக உறைந்துவிடும். மறைன் டிரைவ் பக்கத்து உயரமான அடுக்குமாடிகளில் கதை தலைகீழ். மேல்மாடியில் தூறல், கீழ்மாடியில் குழாயை உடைக்கும் வேகம். அங்கே அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு வைக்க வேண்டும்.

சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. கருவியிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் போதாதா? போதாது. இந்தியாவில் விற்கும் ஆர்.ஓ. கருவிகளில் பெரும்பாலானவற்றில் சுத்தமான நீர் சாதாரணத் தொட்டியில் தேங்கி, திறந்தால் தானாக வழியும். அதில் அழுத்தம் கிடையாது. இடையில் இன்னொரு சிறு பம்பு வைக்க வேண்டும். அதற்கு மின்சாரம், அது ஓடும் சத்தம், அதன் பழுது. சத்தமில்லாமல் அழகாக மறைந்திருக்க வேண்டிய பொருளுக்குப் பின்னால் இத்தனை சாமான்கள்.

உண்மையில் கொச்சிக்கு ஆர்.ஓ. அவசியமா என்பதே கேள்வி. சென்னைப் போர்வெல் நீர் போன்றதல்ல இது. ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுக்கும் நீர், கரைந்த உப்பு குறைந்த மென்மையான நீர். தேனி, மதுரைக்காரர்கள் அறிந்த அதே பெரியாறுதான். மேலே முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் அதில் ஒரு பங்கைக் கிழக்கே திருப்பிவிடுகிறது, மீதி ஆலுவா வழியாகக் கடலுக்கு இறங்குகிறது. வருஷத்தில் பல மாதங்கள் ஒரு நல்ல கார்பன் வடிகட்டி போதும். ஆனால் கோடையில் ஆற்றில் நீர் வற்றும்போது கடல் உள்ளே ஏறிவருகிறது. அதைத் தடுக்கத்தான் பாதாளத்திலும் மஞ்ஞும்மலிலும் மதகுப் பாலங்கள் கட்டப்பட்டன.

இந்த மதகுகள் இருக்கும் இடம்தான் ஏலூர். ஆலுவாவுக்குச் சற்றுக் கீழே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் தீவு. 1943இல் தொடங்கி 1947இல் உற்பத்தியில் இறங்கிய ஃபாக்ட் உரத் தொழிற்சாலை இங்கே உத்யோகமண்டலில் இருக்கிறது. விறகை எரித்து வாயுவாக்கி அம்மோனியா தயாரித்த ஆலை அது. ஐஸுக்கும் அம்மோனியாவுக்கும் உள்ள சம்பந்தம் மீன்பிடித் துறைமுகக்காரர்களுக்குத் தெரியும்: பார் ஐஸ் உறைவிக்கும் ஆலைகளில் குளிரூட்டுவது பெரும்பாலும் அம்மோனியாதான். ஃபாக்டைத் தொடர்ந்து பூச்சிக்கொல்லி, காஸ்டிக் சோடா, அரிய மண் தாதுக்கள் என்று ஆலைகள் வரிசை கட்டின. எதிர்க்கரை எடயாரையும் சேர்த்து எண்ணினால் 200க்கு மேல்.

ஏலூரில் ஒரு டம்ளர் தண்ணீரின் கதை இந்த ஆலைகளோடு பின்னியது. 1999இல் கிரீன்பீஸ் அமைப்பு குழிக்கண்டம் ஓடையில் எடுத்த மாதிரிகளில் டி.டி.டி. உள்பட 100க்கும் மேற்பட்ட கரிம ரசாயனங்களைக் கண்டது. 2004 ஜூலையில் பூச்சிக்கொல்லி ஆலையில் எண்டோசல்ஃபான் பிரிவு தீப்பிடித்தது. அந்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்புக் குழு வந்து பார்த்தது. கிணறுகள் கெட்டுப்போன குடும்பங்களுக்கு ஆலைகளின் செலவில் குழாய் நீர் தர வேண்டும் என்றது. கேரளத்தில் கிணறு இல்லாத வீடு வீடே அல்ல. முற்றத்தில் கிணற்றை வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்துக் காத்திருப்பது ஏலூர்க்காரர்களுக்கு விதிக்கப்பட்டது. 2024 மே மாதம் பாதாளம் மதகு திறக்கப்பட்டதை ஒட்டி டன் கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. கூண்டில் மீன் வளர்த்தவர்கள் முதலைப் பறிகொடுத்தார்கள். நீரில் ஆக்ஸிஜன் குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீன்வளப் பல்கலைக்கழகமோ அம்மோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது.

இதில் ஃபிரிட்ஜ் வாங்குபவருக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கதவுக்குள் இருக்கும் வடிகட்டியின் கையேட்டில், பெரும்பாலும் பொடி எழுத்தில், ஒரு வாக்கியம் இருக்கும்: பாதுகாப்பற்ற அல்லது தரம் தெரியாத நீரை இதில் விடாதீர்கள். குளோரின் நெடியையும் சுவையையும் எடுக்கத்தான் அது முக்கியமாகச் செய்யப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அதையும் செய்யாது. கெட்ட கிணற்று நீரைச் சுத்தம் செய்யும் கருவி என்று நினைத்து அதை நம்புவது விபரீதம். குளிர்ந்து, பளிச்சென்று, அழகான மாடத்திலிருந்து வருவதால் மட்டும் நீர் நல்லதாகிவிடுவதில்லை.

ஏலூரைத் தாண்டி வரும் பெரியாற்று நீருக்கும் மட்டாஞ்சேரிக்கும் பழைய பந்தம் உண்டு. கடலும் காயலும் சூழ்ந்த அந்தத் துறைமுகத்தில் கிணற்று நீர் உவர்ப்பு. 19ஆம் நூற்றாண்டில் வசதியுள்ளவர்கள் ஆலுவாவிலிருந்து வள்ளங்களில் குடிநீர் வரவழைத்துக் குடித்தார்கள். மற்றவர்களுக்கு வந்த யானைக்கால் நோய்க்கு அந்த உவர்நீர்தான் காரணம் என்று வெள்ளைக்காரர்கள் நெடுநாள் நம்பினார்கள். கொசு என்று பிறகுதான் தெரிந்தது. இன்று மேற்குக் கொச்சிக்குத் தண்ணீர் வருவது வேறு வழியில், மூவாற்றுப்புழை ஆற்றிலிருந்து மரடு வழியாக. 2023 தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதானபோது மட்டாஞ்சேரி, தோப்பும்படி மக்கள் வாரக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள். குழாயில் வராத நாளில் கதவு மாடத்திலும் வராது.

எனவே பலகை ஃபிரிட்ஜுதான் வேண்டும், அதில் தண்ணீரும் வேண்டும் என்பவர்களுக்கு நடைமுறைக்கு ஒத்துவருவது, உள்ளே குழாய் வைத்த மாடல். பலகையில் ஓட்டை விழாது. வியர்வை பலகையைத் தொடாது. நீர்க்குழாயின் அடைப்பு வால்வை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைக்கக் கூடாது. பக்கத்து அலமாரியிலோ தொட்டி மேடைக்குக் கீழேயோ, கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். உள்ளமைப்பு ஃபிரிட்ஜின் பின்னால் ஒழுகினால் தரை ஓரம் ஊறும்வரை யாருக்கும் தெரியாது; வால்வும் அங்கேயே இருந்தால் மொத்தப் பெட்டியையும் உருவி எடுத்த பிறகுதான் அடைக்க முடியும். அடிப்பலகையில் காற்றுக்கு 200 சதுர சென்டிமீட்டர் இடைவெளி விடுவதையும் தச்சரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழகுக்காக அதை அடைத்துவிட்டுப் பிறகு கம்ப்ரஸர் போய்விட்டது என்று கம்பெனியைத் திட்டுபவர்கள் உண்டு. வாங்கும் முன் பெட்டியின் தட்பவெப்ப வகுப்பையும் பார்ப்பது நல்லது. 43 டிகிரி வரை தாங்கும் டி வகுப்பு நம் ஊருக்கு.

பூட்டிக் கிடக்கும் வீடு இன்னொரு தொல்லை. வளைகுடாவில் இருப்பவர்கள் கட்டிய வீடுகள் பல வருஷத்தில் பத்து மாதம் ஆளின்றி இருக்கின்றன. அத்தனை நாள் மெல்லிய குழாயில் தேங்கிய நீரை, திரும்பி வந்த அன்று முதல் டம்ளராகப் பிடித்துக் குடிக்கக் கூடாது. சில லிட்டர் கீழே விட்டு, தட்டில் கிடக்கும் பழைய ஐஸையும் கொட்டிவிட வேண்டும். புறப்படும் முன் வால்வை அடைத்துவிட்டுப் போவது அதைவிட நல்லது.

குழாயே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தியச் சந்தை ஒரு வழி கண்டிருக்கிறது. உள்ளே சில லிட்டர் பிடிக்கும் ஒரு தொட்டி. குடிக்கும் நீரைக் கையால் ஊற்றி நிரப்ப வேண்டும். அழுத்தக் கணக்கு, பம்பு, வால்வு எதுவும் வேண்டாம். ஆனால் இது வருவது பெரும்பாலும் தனியாக நிற்கும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுகளில். பலகைக்குள் ஒளிவதில் அரிது. தவிர, சாதாரணக் குடிநீரைத் தவிர வேறெதையும் அதில் ஊற்றக் கூடாது என்பது கம்பெனிகளின் கட்டளை. கேரள வீடுகளில் பலர் குடிப்பது சாதாரணக் குடிநீர் அல்லவே. சீரகமோ பதிமுகமோ போட்டுக் கொதிக்கவைத்து, வெளிர் சிவப்பாக ஆறிய நீர். கறை படியும் என்பதால் அதைத் தொட்டியில் ஊற்ற முடியாது. அது வழக்கம்போல மேடைமேல் ஸ்டீல் பாத்திரத்தில், மூடி போட்டு இருக்கிறது.