ஒரு பட்டியல், நான்கு கணக்குகள்

தேவிகுளத்து மலைச்சரிவாயினும், பாலக்காட்டுச் சித்தூரின் வறண்ட கீழ்ப்புறமாயினும், மழைமானியைப் பார்க்கும் நேரம் காலை 8.30 மணியே. ஆயின் அந்த எண்களைக் கேட்டு வருவோர் பலர். அணையைக் காப்போருக்கு வாரத்தின் மொத்தம் வேண்டும். பாலம் அமைப்போருக்கு ஒருநாள் உச்சம் வேண்டும். வேளாண்மை அலுவலர் மழைநாள் எத்தனை என்று கேட்பார், 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த நாளை வானிலைத் துறையார் மழைநாளாகக் கொள்வதில்லை. சரிவில் வாழ்வோரைக் காக்கும் பொறுப்புடையவருக்கோ, அடுத்தடுத்த மூன்று நாள்களின் மழை தேவை. முன்னமே நீருண்டு கனத்த மண்தான் எளிதில் நழுவும். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டதை இப்பகுதியினர் மறந்திலர்.

பொருள் ஒன்று, செயல்கள் நான்கு. இதனைக் கணிப்பொறிக்கு எங்ஙனம் உரைப்பது?

விளக்கத்துக்காக ஒரு வாரத்து மழையை நாமே கற்பித்துக்கொள்வோம்: 12, 118, 0, 64, 30, 96, 2. உச்சத்தைக் காண விழையும் மாணவன் ஒருவன், எண்களை ஏறுவரிசையில் அடுக்கிக் கடைசியை எடுக்கிறான். 118 என்னும் விடை சரியே. பின்னர் அதே பட்டியலில் மூன்று நாள் மழையைத் தேடுகிறான். 64, 96, 118 என்பன அருகருகே நிற்பதால் 278 என விடை வருகிறது. உண்மை விடை 64, 30, 96 ஆகியவற்றின் கூட்டாகிய 190 அன்றோ! முதற்கணக்கு நாள்வரிசையைக் குலைத்துவிட்டது. இரண்டாவது கணக்கு அதனை அறியவில்லை. கணிப்பொறியும் பிழை என்று ஒரு சொல் சொல்லாது. வீணான எச்சரிக்கையால் ஒருமுறை வீட்டைவிட்டு வெளியேறியவர், மறுமுறை மெய்யான எச்சரிக்கையையும் ஐயுறுவார்.

பள்ளிகளில் பரவலாகப் பயிற்றப்படும் பைத்தான் மொழியில் இவ்விபத்து எளிதில் நேரும். பட்டியலையே மாற்றி அடுக்கும் கட்டளை ஒன்றும், அதனைத் தொடாமல் புதுப் பட்டியல் தரும் கட்டளை ஒன்றும் அதில் உள்ளன; பெயர்களோ ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிப்பவை.

பார்ட்ரான் மொழியை ஆக்கிய குழுவின் தலைவர் ஜான் பாக்கஸ், 1977ஆம் ஆண்டின் டியூரிங் பரிசை ஏற்று ஆற்றிய உரையில், தாம் வளர்த்த முறையையே குறைகூறினார். இத்தகைய நேர்மை அரிது. அவர் முன்வைத்த சார்புமுறை மொழியில் ‘கட்டமைப்பு’ என்றொரு வடிவம் உண்டு. நம் கணக்கை அதில் இவ்வாறு எழுதலாம்:

[மொத்தம், உச்சம், மழைநாள், முந்நாள்] : பட்டியல்

விடை ⟨322, 118, 5, 190⟩ என ஒரே கோவையாக வரும். ஒவ்வொரு செயலும் அதே மூலப்பட்டியலையே பெறுகிறது. எதுவும் அதனை மாற்ற இயலாது. ஆகவே எதனை முதலில் செய்யினும் விடை மாறாது. நான்கையும் ஒருங்கே நடத்தினும் தீங்கில்லை. ஒன்றின் விடையை அடுத்ததற்கு ஊட்டும் ‘தொடுப்பு’ வேறு, இது வேறு என்பதை ஆசிரியர்கள் வற்புறுத்துதல் நலம். க்ளோஜர் மொழியில் ‘ஜக்ஸ்ட்’ என்னும் சார்பு இவ்வேலையையே செய்கிறது. ஹாஸ்கெலிலும் இதற்கு வழிகள் உண்டு.

குறை ஒன்று உண்டு. நான்கு செயல்களும் தனித்தனியே பட்டியலைப் படிக்கின்றன. ஏழு எண்களுக்கு இது பொருட்டன்று; நூறாண்டுக் குறிப்பாயினும் சுமார் 36,500 எண்களே. ஆனால் தானியங்கி மழைமானியிலிருந்து முடிவின்றி வரும் அளவுகளைத் திரும்பப் படிக்க இயலாது. அப்போது இதுவரை கண்ட மொத்தம், உச்சம், மழைநாள், முந்நாள் உச்சம், இவற்றோடு கடைசி இரு நாள்களின் அளவையும் ஒரு கோவையாகக் கட்டி, புது எண் வருந்தோறும் புதுக் கோவை ஆக்க வேண்டும்.

வகுப்பில் இதனைக் காட்டக் கணிப்பொறியும் வேண்டா. ஏழு எண்களையும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி மேசைமேல் வைத்து, நான்கு மாணவரை ஒருவர்பின் ஒருவராகக் கணக்கிடச் செய்க. சீட்டுகளை இடம் மாற்ற அவர்களுக்கு உரிமை தருக. பின்னர் அதே எண்களைக் கரும்பலகையில் எழுதி, தொடாமல் பார்த்துக் கணக்கிடச் சொல்க. இரு முறையிலும் கிடைத்த மூன்று நாள் விடைகளை அருகருகே எழுதுக.