மதகும் வால்வும்

அரியலூர் ஜில்லாவில், கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே, இராஜேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் பொன்னேரி என்ற பெயருடன் இன்றும் இருக்கிறது. ஏரியின் மதகை அடைத்தால் நீர் ஏரியிலேயே நிற்கும், எவருக்கும் நஷ்டமில்லை. தலைமுறைகளாக மதகுடன் பழகிய நம்மவர், மாடிக் கட்டடத்துக் குழாயிலுள்ள வால்வையும் மதகென்றே எண்ணிவிடுகின்றனர். இந்தப் பிழைக்குப் பொதுஜனங்களின் பணம் விலையாகிறது.

1995-ல் பெரம்பலூரும், பிரிந்து சேர்ந்து மறுபடி பிரிந்து 2007-ல் அரியலூரும் தனி ஜில்லாக்களாயின. அதனால் புதிய காரியாலயங்கள் வேண்டியதாயிற்று. 2022-ல் அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. இத்தகைய கட்டடங்களில் நீர் தானாக மாடியேறாது, மோட்டார்தான் ஏற்றவேண்டும்.

ஒரு யூனிட் மின்சாரம் சிறிதும் வீணாகாதிருப்பின், சுமார் 36,700 லிட்டர் நீரைப் 10 மீட்டர் உயரத்திற்கு ஏற்றும். சிறிய மோட்டார் பம்புகளிலோ அச்சக்தியில் பாதிகூட நீரைச் சென்று சேர்வதில்லை. போதாக்குறைக்கு, ‘பெரிதாகவே இருக்கட்டும்’ என்று அளவுக்கு மிஞ்சிய பம்பை வாங்கி, வேகம் தாளாமல் வால்வைப் பாதி மூடி வைக்கிறோம். மாட்டைச் சாட்டையால் அடித்துக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பவனை நாம் என்னவென்போம்? மின்மானி சற்று மெதுவாக ஓடலாம். ஆனால் தொட்டி நிறைய நேரம் கூடுகிறது. லிட்டர் ஒன்றுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் உயர்கிறது.

சுழலும் வேகத்தையே குறைக்கும் மின்கருவிகள் இப்போது கிடைக்கின்றன. வேகம் ஐந்தில் நான்கு பங்கானால், வேண்டிய சக்தி ஏறக்குறையப் பாதியாகிறது. ஆயினும் கடை விளம்பரத்தை அப்படியே நம்புவதற்கில்லை. நீர் குழாய்களுக்குள்ளேயே சுற்றிவரும் அமைப்புகளுக்கே இக்கணக்கு முழுதும் பொருந்தும். மேல்தொட்டிக்கு ஏற்றும்போது கட்டடத்தின் உயரம் குறையப்போவதில்லை. அங்கே தகுந்த அளவுள்ள பம்பே மருந்து.

வால்வே கூடாதென்பது நமது கட்சியன்று. ஏறிய நீர் திரும்பி வீழாமல் தடுக்கும் வால்வும், கிணற்றடியிலுள்ள புட்வால்வும் இன்றியமையாதவை. புட்வால்வு ஒழுகினால் குழாய் வறண்டு, மோட்டார் வீணே சுழலும். அடைத்துத் திறப்பதற்கு மட்டும் வேண்டிய இடத்தில் குளோப் வால்வைப் பொருத்துவதும் தவறு. முழுதும் திறந்த கேட் வால்வைக் காட்டிலும் அது நீரைப் பன்மடங்கு தடுக்கும்.

குறைந்த விலை கேட்டவருக்கே டெண்டர் என்ற வழக்கம் இங்கே பெருந்தீங்கு செய்கிறது. பம்பின் ஆயுளில் அதன் விலையைவிட மின்கட்டணமே மிகுதி. இரு ஜில்லா அதிகாரிகளும் இனி டெண்டரில் குதிரைசக்தியை மட்டும் எழுதாது, நீர் ஏறவேண்டிய உயரத்தையும், மணிக்கு இத்தனை லிட்டர் என்பதையும், அதற்குச் செல்லும் யூனிட்டையும் குறிக்கட்டும். பம்பைப் பொருத்தியபின், ஒரு தொட்டியையும் கடிகாரத்தையும் மின்மானியையும் வைத்துச் சோதித்துப் பார்த்தே பணம் கொடுக்கட்டும்.