வரி விகிதம் எங்கே முடிவாகிறது?

அரிசிக்கு ஏன் வரி என்று மாநிலத்தைக் கேட்டால் டெல்லியைக் காட்டுகிறார்கள். டெல்லியைக் கேட்டால் மாநிலங்களும் சம்மதித்ததுதான் என்கிறார்கள். இரண்டும் மெய்யே. வணிகர்களாகிய நாம் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் ஓட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கவுன்சிலுக்கு மத்திய நிதி அமைச்சர் தலைவர். மாநிலத்துக்கு ஓர் அமைச்சர் உறுப்பினர். ஓட்டில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆகவே எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் டெல்லி இசையாமல் நடக்காது. டெல்லி தனித்தும் நடத்த முடியாது. சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் ஒரே எடை. (இது நமக்கு நியாயமாகப் படவில்லை.) ஓட்டெடுப்பு அபூர்வம், 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காகத்தான் முதன்முதலாக நடந்தது.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் பரிந்துரை சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றது. ஆனாலும் நடைமுறையில் விகிதம் நாடெங்கும் ஒன்றுதான். அவ்வாண்டு ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவிகிதம் வந்ததும், 26 கிலோ மூட்டை கடைக்கு வந்த கதை நாம் அறிந்ததே.

எனவே நம் மனு முதலில் போக வேண்டிய இடம் கவுன்சிலில் அமரும் நம் மாநில அமைச்சரிடம். அதுவும் கூட்டத் தேதி அறிவித்த பிறகு அல்ல. விகிதக் கோரிக்கைகளை மத்திய, மாநில அதிகாரிகள் அடங்கிய பிட்மென்ட் கமிட்டி முன்கூட்டியே அலசிவிடுகிறது.