நாடாவில் உறையும் குரல்கள்

1980களில் தில்லியிலும் பம்பாயிலும் வளர்ந்த தமிழ்ச் சிறுவர்களாகிய நமக்குத் தொலைக்காட்சி பெரும்பாலும் பிறமொழி பேசும் பெட்டியாகவே இருந்தது. தில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் நாள் தோன்றிய தொலைக்காட்சி, 1982இல் வண்ணம் பெற்றதோடு, தேசிய நிகழ்ச்சியை நாடெங்கும் அஞ்சல் செய்யவும் தொடங்கிற்று. ஞாயிறு பிற்பகலில் மாநில மொழிப் படங்கள் முறைவைத்து வந்தன. தமிழின் முறை வருவதற்குள் பல வாரங்கள் கழிந்துவிடும்.

அக்குறையைத் தீர்த்தது, ‘டெக்’ என்று நாம் அழைத்த வீடியோக் கருவி. அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பங்கள் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள, ஓரிரவில் மூன்று படங்கள் விடிய விடிய ஓடும். படங்களினும் அருமையானவை ஊரிலிருந்து வந்த கல்யாண காசெட்டுகள். விடுப்புக் கிடைக்காமையால் நம் பெற்றோர் போக இயலாத திருமணங்களை நாம் அவற்றில்தான் கண்டோம்.

இக்கருவி படத்தை எங்ஙனம் பதித்தது? ஒலியைப் பதிக்க, அசையாது நிற்கும் காந்த முனையைக் கடந்து நாடா மெல்ல ஓடினாலே போதும். படத்துக்கோ நொடிக்குப் பல லட்சம் முறை மாறும் மின்னலைகளைப் பதித்தாக வேண்டும். அதற்கேற்ற வேகத்தில் நாடாவை ஓட்டினால், மூன்று மணி நேரப் படத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் நாடாவும் போதாது. ஆதலால் நாடாவை மெல்ல விட்டு, முனையைச் சுழலச் செய்தனர். 1976இல் ஜப்பானில் வெளிவந்த வி.எச்.எஸ். முறையில், அரை அங்குல அகலமுள்ள நாடா, சாய்வாக அமைந்த உருளையொன்றைத் தழுவிச் செல்லும். நம் நாட்டில் வழங்கிய முறைப்படி அவ்வுருளை நொடிக்கு 25 முறை சுழன்று, சாய்ந்த கீற்றுகளாகப் படத்தைப் பதிக்கும். அதே படம் ஏறத்தாழ 250 மீட்டர் நாடாவில் அடங்கியது இதனாலேயே.

ஆனால் காந்தப் பதிவு நிலையானதன்று. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் வலிமை குன்றும், ஈரத்தால் காந்தப் பூச்சு நெகிழும், பூஞ்சையும் பற்றும். கருவியை உற்பத்தி செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாயும் 2016இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. நாடா நன்றாயிருப்பினும் ஓட்டிப் பார்க்கும் கருவி அரிதாகிவிட்டது.

ஆகவே பரணில் உள்ள காசெட்டுகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். வெண்பூஞ்சை தென்பட்டால் ஓட்ட வேண்டாம். நாடாவும் கெடும், கருவியும் கெடும். முதுகுப்புறத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை ஒடித்துவிட்டால், தவறிப்போய் அதன்மேல் வேறொன்று பதிவாகாது. பின்னர், தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கோப்பாக மாற்றி, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். திரைப்படங்கள் வேறெங்கேனும் கிடைக்கும். பந்தியில் நின்று உபசரிக்கும் பாட்டியின் குரல் அந்த ஒரு நாடாவில் மட்டுமே உண்டு.